நடுப்பகல் அரைமணி

"தலைய இங்கன கொஞ்சம் சாய்ச்சுக்கோ பிள்ள" என்று சொல்லி, ஞானையா சீப்பை அவள் காதோரத்திலிருந்து பின்னுக்கு இழுத்தான். இன்பமணியின் தலை அவன் தொடைமேல் கனமே இல்லாமல் கிடந்தது. மில்லுக்குப் போவது நின்று மாதக்கணக்காகியும் அவள் முடியில் பஞ்சு இருக்கத்தான் செய்தது. ஓரம் பிரிந்த தலையணையிலிருந்து வந்ததாக இருக்கும். ஆனாலும் அவன் ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் உருட்டித் தரையில் போட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. மலைப்பக்கமிருந்து குளிர்காற்று இறங்கி மில் வீடுகளின் ஓட்டுக்கூரைமேல் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில் மகள் சாலோமி கஞ்சி கிண்டும் சத்தம் கேட்டது.

"போதும், விடுங்க. நீங்க வேலைக்குப் போகாண்டாமா?" என்றாள் இன்பமணி.

"இன்னைக்குப் போகல."

"மேஸ்திரி ஏசுவாரு."

"ஏசட்டும்."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "உங்க வாயில இருந்தா இது வருது?" என்று சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. அவன் அவளைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினான். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. பைய, பைய என்று அவன் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

இருமல் அடங்கியதும், "சாலோமியக் கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டான். சாலோமி கையில் அகப்பையோடு வந்து நின்றாள். அம்மா ஒரு மூச்சு விட்டதையும், அதற்கப்புறம் ஒன்று வராமலே போனதையும் அவள்தான் பார்த்தாள். ஞானையாவுக்குத் தெரியவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அப்பா" என்றாள் சாலோமி. பிறகு கிட்டே வந்து அவன் கையைப் பிடித்தாள். "போதும்ப்பா."

அடுத்த வீட்டுச் சாரம்மாள்தான் முதலில் ஓடிவந்தாள். நூலைச் சுற்றிக் கட்டாக்கிச் சிட்டம் போடுகிற பகுதியில் இன்பமணிக்குப் பக்கத்து இயந்திரத்தில் பத்து வருஷத்துக்குமேல் நின்றவள். கையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குக் கிளம்பியிருந்தாள். சட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் இன்பமணியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றாக அழுவதற்குள் மில் வாசலில் முதல் மணி அடித்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எப்பம் எடுப்பிய அண்ணே?"

"உபதேசியார் வரணும். சேரன்மாதேவியிலேருந்து மச்சினன் வரணும். சாயங்காலம் ஆயிரும்."

சாரம்மாள் சட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்தும் போகாமல் நின்றாள்.

"எங்கள விடமாட்டாவ. நாங்க வெளிய வாரதுக்குள்ள பெட்டி போயிருக்கும். மைனி மொகத்தக்கூட பாக்காம இருந்துருவோம். எங்க பகுதியில அத்தன பேரும் இருக்கோம், ஒருத்திகூட..." இரண்டாவது மணி அடித்தால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் ஓடுவதையே ஞானையா பார்த்துக்கொண்டு நின்றான். இன்பமணியும் அப்படித்தான் ஓடுவாள்.

அந்த மில்லில் சேர்ந்தபோது சாலோமி கைக்குழந்தை. பாளையங்கோட்டைப் பக்கத்தில் பனையும் பொய்த்து, கிணறும் வற்றின வருஷம். மலையடிவாரத்தில் ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் நூல் நூற்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். ஞானையாவுக்குப் பஞ்சுப் பொதி தள்ளுகிற வேலை. அவளுக்குச் சிட்டம் போடுகிற வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவள் பெண்கள் பக்கம், அவன் ஆண்கள் பக்கம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சட்டம் என்னவோ அப்போதே இருந்தது. மில் வாசலில் இங்கிலீஷிலும் தமிழிலும் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுப்பகலில் அரைமணி நேரம் ஆலையிலுள்ள எல்லா இயந்திரங்களும் நிற்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் இரவு பகலாக ஓடும்போது சக்கரத்தை மட்டும் எதற்கு நிறுத்துவது என்பது மில் துரையின் எண்ணம். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் நிற்கும். அவர் வருவது முதல் நாளே தெரிந்துவிடும். அன்றைக்குத் தரையெல்லாம் கழுவிவிடுவார்கள். மற்ற நாட்களில் பெண்கள் ஒரு கண்ணை நூலில் வைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். சோற்றில் பஞ்சு விழும். அதையும் சேர்த்துத்தான் விழுங்கவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரர்; கொஞ்சம் தமிழ் பேசுவார். துரையும் மேஸ்திரி அப்பாத்துரையும் இரண்டு பக்கமும் நிற்க, "சாப்பிட நேரம் கொடுக்கிறார்களா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இன்பமணி மட்டும் தலையைத் தூக்கினாள்.

"இன்னைக்குக் குடுத்தாவ ஐயா. நாளைக்கும் சக்கரம் நிக்குதான்னு நீங்கதான் வந்து பாக்கணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரயிலேறிப் போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் உச்சியில், யாருக்கும் சொல்லாமல், கால்வாய்க் கரையோடு நடந்து அவர் திரும்பி வந்து நின்றபோது, சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் கையில் சோற்றோடு நின்றிருந்தார்கள். விஷயம் மாஜிஸ்திரேட் கச்சேரிவரை போய் மில்லுக்கு அபராதம் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் நடுப்பகலில் மணி அடித்தது. சக்கரம் நின்றது.

"நமக்கு எதுக்குப் பிள்ள இந்த வம்பெல்லாம்?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"உங்க சோத்துல பஞ்சு விழல. அதான் கேக்கிய" என்றாள் அவள்.

மணி அடித்ததும் இருவரும் மில் மதிலுக்குள்ளேயே இருந்த புங்கமர நிழலில் வந்து உட்காருவார்கள். சாப்பிட்டு முடித்தும் நேரம் மிச்சமிருக்கும். அந்த மிச்ச நேரத்தில்தான் அவள் பேசினாள். சின்ன வயதில் ஆற்றில் அடித்துப்போன தாவணியைப் பற்றி, சாலோமிக்கு எப்படி மாப்பிள்ளை பார்க்கவேண்டும் என்பதைப் பற்றி, அவனுடைய மீசையைப் பற்றி. அவள் கீழுதட்டில் சின்னதாக ஒரு மச்சம் இருப்பதை அவன் அப்போதுதான் கண்டுபிடித்தான். "இத்தன நாளும் எங்க பாத்துக்கிட்டு இருந்திய?" என்று அவள் கேலி செய்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். அப்பாத்துரை அவள் முகத்தைப் பார்க்காமலே, "நாளையிலேருந்து நீ பஞ்சு உதறுத அறைக்குப் போகணும்மா. துரை உத்தரவு" என்று சொன்னார். பொதியைப் பிரித்துப் பஞ்சை அடித்துத் தூசி போக்குகிற அறை அது. உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன சட்டத்தில், அவளை எந்த அறையில் நிறுத்தலாம், எதில் நிறுத்தக்கூடாது என்று ஒன்றும் இல்லை. சாயங்காலம் வெள்ளை வெளேரென்று வருவாள். அவன் முற்றத்தில் உட்காரவைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் காதையும் துடைத்து, தலையில் பஞ்சு எடுப்பான். இருமல் முதலில் ராத்திரி மட்டும் இருந்தது. பிறகு பகலிலும் வந்தது.

உபதேசியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு என்றார். ஞானையா சாரம்மாள் ஓடின பாதையைப் பார்த்தான்.

"வேண்டாம் ஐயா. உச்சிக்கு எடுப்போம்" என்றான். "மில் வாசல் வழியாப் போவோம்."

"கல்லறைத்தோட்டத்துக்கு அது சுத்துவழியாச்சே?"

"சுத்துதான். மணியடிச்சு அரைமணி நேரம் அங்கன பெட்டிய எறக்கி வைக்கணும். அவ பகுதிப் பிள்ளைய பாக்கட்டும்."

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "ஞானையா, இந்த வீடு மில்லோடது. சாலோமியும் அங்கன வேலைபாக்கா. துரைக்கு இது பிடிக்குமா, யோசிச்சுக்கிடும்."

ஞானையா யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அப்புறம் உள்ளே திரும்பிப் பார்த்தான். பெண்கள் இன்பமணியைக் குளிப்பாட்டி வெள்ளைச்சேலை உடுத்தியிருந்தார்கள். சாலோமி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் காலையில் பாதியில் விட்ட தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"உச்சிக்கே எடுப்போம் ஐயா" என்றான்.

தந்தி கிடைத்து மச்சினன் முற்பகல் ரயிலிலேயே வந்து சேர்ந்தான். தச்சன் பெட்டியைக் கொண்டுவந்தான். வெயில் நடு வானுக்கு ஏறியபோது அவர்கள் கிளம்பினார்கள். மச்சினனும் வேலையில்லாத நாலைந்து கிழவர்களும்தான் பெட்டி தூக்க இருந்தார்கள். ஞானையா முன்பக்கம் தோள் கொடுத்தான். சாலோமி செருப்பில்லாத காலோடு பின்னால் நடந்தாள். மில்லை நெருங்க நெருங்க அதன் இரைச்சல் பாதையிலேயே காலுக்கடியில் அதிர்ந்தது.

வாசலுக்கு எதிரே இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, மூடாத பெட்டியை இறக்கினார்கள். இரும்புக் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. காவல்காரர் முகம்மது சுல்தான் உள்ளே மணிக்கயிற்றின் அருகில் நின்றார். பெட்டியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சூரியனைப் பார்த்தார், ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தார், கயிற்றை இழுத்தார்.

இரைச்சல் நின்றது.

பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சாரம்மாள் முன்னால் வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு அத்தனை பேரும் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கதவு திறக்கவில்லை. சாவி அப்பாத்துரையிடம் இருந்தது.

அப்பாத்துரை வேகமாக வந்தார். "ஏலே ஞானையா, என்னலே இது? துட்டிவீடு வேற, மில் வேற. பெட்டிய எடுத்துட்டுப் போ. கதவத் தொறக்கக்கூடாதுன்னு துரை சொல்லியாச்சு."

"அண்ணாச்சி, அவளுவ வந்து மொகத்தப் பாத்துட்டுப் போகட்டும்."

"வேல நேரத்துல எப்பிடிலே விடுவேன்?"

ஞானையா நெற்றி வியர்வையைத் துடைத்தான். அந்த மனிதர் முன்னால் பதினைந்து வருஷமாக "சரி அண்ணாச்சி" என்பதைத் தவிர அவன் வேறொன்றும் சொன்னதில்லை.

"இது வேல நேரமில்ல அண்ணாச்சி" என்றான். "மணி அடிச்சாச்சு. சக்கரம் நின்னாச்சு. இந்த அரைமணி மில்லுக்குள்ளது இல்ல, அவளுவளுக்குள்ளது. அப்பிடித்தான் சட்டத்துல போட்டிருக்கு. அத வாங்கிக் குடுத்தவ இன்னா கெடக்கா. பாத்துட்டு, அடுத்த மணிக்குள்ள உள்ள போயிருவாளுவ. நான் சொல்லுதேன்."

அப்பாத்துரை பெட்டியைப் பார்த்தார். இன்பமணியின் முகம் வெயிலில் தெரிந்தது. மேலே ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே திரை அசையாமல் தொங்கியது. அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. அவருக்கும் நாலு பிள்ளைகள்.

"ஏவே சுல்தான்" என்றார், யாரையும் பார்க்காமல். "நான் சாப்பிடப் போறேன். எனக்கும் அரைமணி உண்டும்லா." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மணிக்கூண்டின் திட்டில் வைத்தார். வைத்த கை அங்கேயே கொஞ்சநேரம் நின்றது. "அந்தப் பிள்ளய வெயில்ல ரொம்ப நேரம் வைக்காதிய" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்துபோனார்.

முகம்மது சுல்தான் கதவைத் திறந்தார்.

அவர்கள் கூச்சல் போட்டு அழுவார்கள் என்று ஞானையா நினைத்திருந்தான். அப்படி நடக்கவில்லை. இரண்டிரண்டு பேராக வந்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள், கைகூப்பியவர்களும் இருந்தார்கள். ஒருத்தி இன்பமணியின் கன்னத்தைத் தொட்டுத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கனி என்ற பெண், இன்பமணியோடு ஒருநாள்கூட வேலை செய்யாதவள், தன் கொண்டையிலிருந்த செவந்திப்பூவை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். சாரம்மாள் கடைசியாக வந்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மைனி, எல்லாரும் வந்துட்டோம்" என்றாள், பக்கத்து இயந்திரத்தில் நிற்கிறவளிடம் சொல்வதுபோல.

பிறகு அவர்கள் போகாமல் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வெயில் படாமல் முந்தானைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நிழலுக்குள் சாலோமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உபதேசியார் ஜெபத்தை மெதுவாகச் சொன்னார். அவரும் அவசரப்படவில்லை.

மணி அடித்தது. ஒருத்திகூடப் பிந்தவில்லை. உள்ளே போய்க் கதவு சாத்தியதும் இரைச்சல் மறுபடி கிளம்பியது. ஞானையா தோளைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கினான்.

கல்லறைத்தோட்டத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மச்சினன் சாலோமியைப் பிடித்துக்கொண்டான். ஞானையா மூன்று கை மண் போட்டான். நாலாவது கை மண்ணையும் எடுத்தான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். உபதேசியார் வந்து அவன் விரல்களைப் பிரித்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மில் விட்டது. ஞானையா வீட்டு முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். வாசலில் ஆள் அரவம் கேட்டது. சாரம்மாள், அவளுக்குப் பின்னால் அந்தப் பகுதிப் பெண்கள் அத்தனை பேரும். தூர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நேரே வரப்பில் இறங்கி நடந்தால்தான் இருட்டு முற்றுமுன் வீடு போய்ச் சேரமுடியும். அவர்களும் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் தூக்குச்சட்டி இருந்தது.

"துரை ஒண்ணும் கேக்கல அண்ணே" என்றாள் சாரம்மாள். "மணியடிக்கையில நாங்க எல்லாரும் மிசின்கிட்ட நின்னோம்லா. என்னத்தக் கேப்பாரு? நாளைக்குக் கேட்டா நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் சிலர் வாசலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். சாரம்மாள் தன் சட்டியின் மூடியைத் திறந்தாள். காலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது. லேசாகப் புளித்த வாசனை வந்தது. ஞானையா ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தான். ஒன்றிலும் கை பட்டிருக்கவில்லை.

"மத்தியானம் நீங்க யாரும் சாப்பிடலியா?" என்று கேட்டான்.

"ஏட்டி சாலோமி, இங்கன வா" என்று கூப்பிட்டு, சாரம்மாள் ஒரு உருண்டை சோறு பிசைந்து அவள் கையில் வைத்தாள். "தின்னு தாயி. விடிஞ்சதுலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலியே நீ." சாலோமி அதை வாயில் போட்டாள். மென்றுகொண்டே அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு உருண்டைக்குக் கையை நீட்டினாள்.

அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, பேசாமல், ஒவ்வொரு பிடியையும் நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்துபோக யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞானையா எழுந்து உள்ளே போய், செம்பில் தண்ணீர் எடுத்துவந்தான். வரிசையின் முதலில் இருந்தவளிடம் குனிந்தான். அவள் கையைக் குவித்து நீட்டினாள். அவன் ஊற்றினான். பிறகு அடுத்தவளிடம் போனான்.